"ஒன்றும் ஆகாது" என்று நான் சொன்ன காலை

ஏரிக்கரை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மதகை எப்படித் திறப்பது, எலி வளையை எப்படி அடைப்பது, மூட்டையில் முக்கால் அளவுக்கு மேல் ஏன் மண் போடக் கூடாது என்பதையெல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லாவிட்டாலும் இரண்டு மழைக்காலத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கையால் நான் செய்த தப்புகளை மண்வெட்டியாலேயே சரி செய்ய முடிந்தது. வாயால் செய்த ஒரு தப்பைச் சரி செய்ய இரண்டு வருஷம் ஆயிற்று. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஏழாவது பாதியில் பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனர், செங்கல் சூளை, விஜயவாடா ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை, உப்பளம், குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவது என்று ஓடிக்கொண்டிருந்தேன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆவடிப் பக்கம் ஒரு ஏரிக்குக் கரை பலப்படுத்த நாள்கூலியாக வந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது, லஸ்கர் இடம் காலியாக இருக்கிறது, இருக்கிறாயா என்று கேட்டார்கள். வேலை என்ன என்று கேட்டேன். கரையையும் மதகையும் பார்த்துக்கொண்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். சரி என்றேன். ஓரிடத்தில் உட்கார முடியாதவனுக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது.

அந்த ஏரியின் பெயர் வேண்டாம். ஆவடிக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வந்தபோது கரைக்குக் கீழே நெல் வயல். பத்து வருஷத்துக்குள் வயல் மனையாகிவிட்டது. அதே வயலில் நாற்று நட்டவர்கள் கரையை ஒட்டி முதல் வரிசையில் வீடு கட்டிக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால், ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் சிலர் மனை வாங்கி வந்தார்கள். மொத்தம் நாற்பது வீடு, ஒரே தெரு.

மதகுக்குப் பக்கத்தில் இருந்த முதல் வீடு தேசம்மாவுடையது. என் வயசுதான் இருக்கும். ஸ்பிரிங் செய்யும் பட்டறை ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை. புருஷன் இல்லை. ஒன்பதாவது படிக்கும் பெண், வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆடு. கடைசி வீட்டில் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் ஃபிட்டர். இந்த இருவரையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓட ஒரு கல் தடுப்பு இருக்கும். எங்கள் பக்கம் அதைக் கோடி என்போம். தண்ணீர் கோடி போகும்போது மீனும் கூடவே போய்விடும். அதனால் மீன் குத்தகை எடுத்தவர் கோடி முழுக்க மூங்கில் தட்டி கட்டி, இரும்புக் குழாய்களில் கம்பியால் முறுக்கி வைத்திருந்தார். அப்படிக் கட்டக் கூடாது. அதைப் பிரிக்கச் சொல்வது என் வேலை. முதல் வருஷம் சொன்னேன். "ரெண்டு நாள்ல எடுத்துர்றேன் லஸ்கரே" என்றார். இரண்டாம் வருஷமும் சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறைக்கு ஒரு விரால் வந்துவிடும். நான் கேட்டு வாங்கியதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை. மூன்று நாளாக விடாத மழை. அன்றைக்குப் புயல் கரை கடக்கும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு மதகடியில் நின்றேன். தண்ணீருக்கும் கரை மேட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் இறங்கி நிற்கலாம், அவ்வளவு இடம் இருந்தது. கீழே தெருவே கூடி நின்றது. பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, அங்கே போய்விடலாமா என்று பேச்சு. தேசம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னா லஸ்கரே, ரேடியோல புயலு புயலுன்னு கத்திகினு கீறான். ஊட்ட உட்டுட்டுப் போவட்டுமா, இருக்கட்டுமா? ஒரே வார்த்தையா சொல்லு."

"ஒண்ணும் ஆவாது. இந்தக் கரை எத்தினி மழையப் பாத்திருக்கு."

"நீ சொன்னா சரிதான். ஆட்ட இழுத்துகினு ஸ்கூலுக்குப் போனா வாத்தியாரு அதுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் நான் கோடிப் பக்கம் போகவே இல்லை. அரை மைல் தூரம், ஆளைத் தள்ளும் காற்று. மதகடியில் பார்த்ததை வைத்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். சோம்பல் மட்டும் காரணமில்லை. பிறந்ததிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. உனக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இங்கே நாற்பது வீட்டுக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல மனசு வரவில்லை. உங்களுக்கும் அந்த நாள் வரும். அவர்கள் மரியாதையாகக் கேட்பார்கள், நீங்கள் அந்த மரியாதைக்குப் பதில் சொல்லிவிடுவீர்கள். தண்ணீரைப் பார்க்காமலே.

பதினோரு மணிக்குத் தேசம்மாவின் பெண் ஓடி வந்தாள். ஆட்டுக் கொட்டகையில் கீழிருந்து தண்ணீர் பொங்குகிறதாம். போய்ப் பார்த்தேன். கரையின் அடியில் கட்டைவிரல் கனத்துக்கு ஊற்று. கரையில் கசிவது புதிதல்ல, எல்லா மண் கரையும் கசியும். நான் நாள்கூலியாக இருந்தபோது என்னோடு மண் சுமந்த ஒருவர் சொல்லியிருந்தார். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. "தெளிஞ்சி வந்தா தண்ணி வருது. கலங்கி வந்தா கரை வருது" என்றார். குனிந்து இரண்டு கையாலும் ஏந்தினேன். தண்ணீர் விரலிடுக்கில் வடிந்த பிறகு, உள்ளங்கையில் செம்மண் கோடாகப் படிந்திருந்தது.

கரை மேல் ஏறினேன். காலையில் ஓர் ஆள் இறங்கி நின்றிருக்கலாம் என்ற இடத்தில் இப்போது ஒரு முழம்தான் இருந்தது. நாலு மணி நேரத்தில் இவ்வளவு ஏறினால், வெளியே போக வேண்டியது போகவில்லை. அப்போதுதான் தட்டி ஞாபகத்துக்கு வந்தது. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. காற்று அவ்வளவையும் கோடிப் பக்கம் தள்ளியிருக்கும். தட்டியில் போய் அடைத்திருக்கும்.

நான் கீழே இறங்குவதற்குள் தெருவில் இருந்த ஆண்கள் இருபது பேர் கோணியும் மண்வெட்டியுமாக வந்துவிட்டார்கள். மூட்டை போடலாம், கல்லைப் போடலாம் என்று ஆளாளுக்கு ஒரு யோசனை. நல்ல பிள்ளைகள். விட்டிருந்தால் கரை அவர்கள் மேல் விழும் வரைக்கும் மூட்டை போட்டிருப்பார்கள். ஆனால் செய்ய வேண்டியது வேறு. தெரு காலியாக வேண்டும், கோடி திறக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவன், ஒன்றும் ஆகாது என்று அதே காலையில் சொன்னவன்.

"எல்லாரும் கேளுங்க. காலைல நான் சொன்னது தப்பு. கரை நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. இப்பவே ஊட்டக் காலி பண்ணுங்க."

கூட்டத்தில் ஒருவன், "இன்னா மாமே, காலைல ஒரு பேச்சு, இப்போ ஒரு பேச்சா?" என்றான்.

தேசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன் வாயில இன்னா நாக்கா, வாழ மட்டையா? அப்பவே சொல்லியிருந்தா அரிசி பருப்பு, பொண்ணு புஸ்தகம் எல்லாம் தூக்கிகினு போயிருப்பேன் இல்ல?"

நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒருவர் எதிர்க்காரணம் சொல்வார், அரை மணி நேரம் போய்விடும். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குவதானால் முதல் வாக்கியத்திலேயே வாங்கிவிட வேண்டும். கையை மட்டும் விரித்து அவளிடம் காட்டினேன். அவள் வயலில் வளர்ந்தவள். மண்ணைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், திரும்பித் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சாமான் கீமான் எதுவும் வேணாம். புள்ளைங்கள எண்ணு, வயசானதுங்கள எண்ணு, கெளம்பு. எவனாவது டிவிப் பொட்டியத் தூக்குனான்னு பாத்தேன், பொட்டியோட ஏரில தள்ளிருவேன்."

என் பேச்சுக்கு அசையாத தெரு அவள் பேச்சுக்கு அசைந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. யார் சொன்னால் கேட்பார்களோ அவர் சொன்னால் போதும்.

ஆண்களில் பாதிப் பேரை வயசானவர்களைத் தூக்க அனுப்பினேன். மீதிப் பேரைக் கோடிக்குக் கூப்பிட்டேன். ஊற்றுக்குப் பக்கத்தில் ஒருவரையும் நிறுத்தவில்லை. அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"கசியுற எடத்த உட்டுட்டு எங்க ஓடுற?" என்று ஒருவன் என் கையைப் பிடித்தான்.

"கசியறது இங்க. அடச்சிகினு கீறது அங்க."

சுடலைமுத்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "கம்பி வெட்டணும்லா அண்ணாச்சி? கட்டிங் பிளேயர் வீட்டுல கெடக்கு, ஹாக்ஸாவும் இருக்கு. நீங்க போங்க, நான் பின்னாலயே வாரேன்" என்று ஓடினார்.

கரை மேல் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பல இடங்களில் தவழ்ந்து போனோம். கோடியில் நான் நினைத்ததைவிட மோசம். தட்டி முழுக்கப் பச்சைச் சுவர் மாதிரி தாமரை. உள்பக்கம் தண்ணீர் மார் அளவு நிற்கிறது, வெளிப்பக்கம் கணுக்கால் அளவு ஓடுகிறது. அங்கே குத்தகைக்காரர் நின்றுகொண்டிருந்தார், தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, தனியாக.

"கொஞ்சம் பொறு லஸ்கரே. ஒரு வருஷத்து மீனு. தாமரைய மட்டும் வாரிப் போட்டா தண்ணி போயிரும்."

"பொறுத்ததாலதான் இப்படி நிக்கிறோம். வெட்டப் போறேன்."

"தின்னப்போ தெரியலியா?"

கூட வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுக்க நேரமும் இல்லை, மறுக்க ஒன்றும் இல்லை.

"தெரிஞ்சிதான் தின்னேன். தள்ளு."

அவர் தள்ளி நின்றார். சுடலைமுத்து வந்து சேர்ந்து, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நடுவில் இருந்த குழாயை நோக்கி இறங்கினார். "நடுவுல வெட்டாத" என்று கத்தினார் குத்தகைக்காரர். "நடுவுல உட்டா ஆளையே இழுத்துகினு பூடும். ஓரத்துலேர்ந்து வா. மொதல்ல மேல் முறுக்கு, அப்பால கீழ்." கட்டியவருக்குத்தான் தெரியும் எந்த முடிச்சு எங்கே என்று. சுடலைமுத்து தலையசைத்துவிட்டு ஓரத்துக்கு வந்தார். கயிற்றின் மறு நுனியை நாங்கள் ஐந்து பேர் பிடித்திருந்தோம். குத்தகைக்காரரும் வந்து பிடித்தார்.

நாலாவது குழாயின் கம்பியை வெட்டியதும் தட்டி தானாகச் சாய்ந்தது. தாமரை பாய் சுருட்டினது போலப் போயிற்று. அதோடு அவருடைய மீனும் போயிற்று. அவர் அதைப் பார்க்கவில்லை, கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இறங்கியது, ஆனால் மெதுவாக. அரை மணிக்கு நாலு விரல். மூன்றரை மணிக்கு மதகடியில் கரை சரிந்தது. ஒரு லாரி நுழையும் அகலம். கோடி திறக்காமல் இருந்திருந்தால் அந்த வாய் எவ்வளவு அகலமாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் வரிசையில் ஆறு வீடு போயிற்று. தேசம்மாவின் வீடு முதலில். தெருவில் மனிதர் ஒருவரும் இல்லை. ஆடு இரண்டும் போயின.

பள்ளிக்கூடத்தில் நாற்பது வீட்டு ஆட்களையும் தேசம்மாவே பெயர் சொல்லி எண்ணி முடித்திருந்தாள். குவார்ட்டர்ஸில் இருந்து சுடலைமுத்துவின் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் மழை வெறித்திருந்தது. தேசம்மா வெளியே ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"தட்டி கட்டுனதப் பாத்துகினுதான் இருந்தேன். மீன் வாங்கித் தின்னுட்டுச் சும்மா இருந்துட்டேன். உன் ஊடு போனதுக்கு நானும் காரணம்."

அவள் பிழிவதை நிறுத்தவில்லை.

"மீன் கத எனக்குத் தெரியாதா? உன் ரூம் வாசல்ல செதிலு கெடக்குமே. நானுந்தான் அந்தத் தட்டி மேல துணி காயப் போட்டேன். இந்தத் தெருவுல அவன்கிட்ட மீன் வாங்காதவ யாரு? பாத்தோம், அவ்ளோதான். இன்னாத்துக்குக் கீதுன்னு யாரும் கேக்கல." பிறகு பாவாடையை உதறினாள். "அது ஒரு பக்கம். ஆனா காலைல நீ தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் அப்பவே போயிருப்பேன். என் பொண்ணு புஸ்தகம் இருந்திருக்கும், ஆடு இருந்திருக்கும். அத நான் மறக்க மாட்டேன்."

மறந்துவிடு என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். உடைந்த இடத்தில் சவுக்குக் கட்டையை இரண்டு வரிசையாக அடித்து நடுவில் மூட்டை இறக்கினோம். கூலியாட்கள் வந்தார்கள், ஆனாலும் தெரு ஆட்கள் பட்டறை வேலை முடிந்து வந்து முழங்கால் சேற்றில் நின்றார்கள். வீட்டுக்குள் சேறு இடுப்பளவு. பெண்கள் மேட்டு வீட்டிலிருந்து தொடங்கிப் பள்ளத்து வீடு வரை ஒவ்வொரு வீடாக எல்லாரும் சேர்ந்தே கழுவினார்கள். தன் வீட்டை முதலில் கழுவுகிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை, சொன்னால் தேசம்மா விட்டிருக்கவும் மாட்டாள். வேறு எங்காவது போகலாமே என்று அவளிடம் ஒருவர் சொன்னார். "நீ எடம் குடு, போறேன்" என்றாள். அதே இடத்தில், தளத்தை மூன்று அடி உயர்த்தி, வீடு கட்டினாள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் நான் சொல்லாமலே பன்னிரண்டு பெண்கள் அரிவாளோடு கோடிக்கு வந்தார்கள். குத்தகைக்காரர் தட்டி கட்டியிருக்கவில்லை. வந்ததற்குக் கோடியை ஒட்டி வளர்ந்திருந்த நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிப் போட்டார்கள். அன்றைக்கு நான் அவர்களிடம் ஒன்று கேட்டேன். இனிமேல் போகலாமா இருக்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், நீங்களே தண்ணீரைப் பாருங்கள் என்றேன். சுடலைமுத்து உளியால் கோடியின் பக்கச் சுவரில் ஒரு கோடு வெட்டினார். தண்ணீர் அதைத் தொட்டால் முதல் வரிசை கிளம்ப வேண்டும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேலையைத் தட்டிக் கழிக்கிறேன் என்று சிலர் சொன்னார்கள். அப்படித் தோன்றினாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கார்த்திகையில் மறுபடி புயல் சின்னம். காலை எட்டு மணிக்குத் தேசம்மா வந்தாள். பழக்கம் போகுமா?

"இன்னா லஸ்கரே, போலாமா, இருக்கலாமா?"

"தெரியாது. வா, பாக்கலாம்."

இரண்டு பேரும் நடந்தோம். தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கரையடியைப் பார்த்தோம், கசிவு தெளிவாக இருந்தது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "இது வரைக்கும் கலங்கல. கோடியில அடைப்பு இல்ல. மழ நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியாது."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "அப்போ போலாம். போன தபா மாதிரி ஓட முடியாது."

பத்து மணிக்குள் முதல் வரிசை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்தது, அரிசியோடு, புஸ்தகத்தோடு. மதியம் காற்று திசை மாறிற்று. புயல் நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. மறுநாள் சுள்ளென்று வெயில். மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தவர்களுக்கு நான்தான் கிடைத்தேன்.

"ஒரு நாள் வேல போச்சு, இடுப்பு போச்சு" என்று தொடங்கினாள் தேசம்மா. "வெயிலு பல்ல இளிச்சிகினு கீது. உன்னால வந்தது."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதத்தான் சொல்றேன். ஒண்ணுமே சொல்லாம எங்கள அலைய வச்சிட்டியே."

வீட்டு வாசல் வரைக்கும் திட்டினாள். பின்னால் வந்தவர்களும் தங்கள் பங்குக்குத் திட்டினார்கள். எல்லா வீடும் நின்றது. உங்களுக்கும் இப்படித் திட்டு விழும் நாள்கள் வரும், வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அன்றைக்கு ஒரு கவலையோடுதான் திரும்பினேன். வீணாக அலைந்தோம் என்று இவர்கள் நினைத்துவிட்டால் அடுத்த புயலுக்கு அசைய மாட்டார்களே என்பதுதான் அது.

அதற்கடுத்த வருஷம் முதல் பெரிய மழை ஐப்பசியிலேயே பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் கொட்டியது. விடிந்தும் விடியாமல் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு கோடிக்கு ஓடினேன். தேசம்மா எனக்கு முன்னால் அங்கே இருந்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, சுவரில் வெட்டிய கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கையை வைத்து அளந்துகொண்டிருந்தாள். கூட இன்னும் மூன்று பெண்கள்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னா லஸ்கரே, இப்பத்தான் விடிஞ்சுதா உனக்கு?"